அக்வா முன் பிறேக்: வெளிப் பாட் பாதி இருக்கு, ஆனாலும் கீச்சிடுது. மாத்திறதோ, எதை வாங்கிறது?

சுன்னாகம்_அக்வா

வணக்கம். டொயோட்டா அக்வா ஹைபிறிட், 2014, செஸி என்எச்பி10, 15 இஞ்சி அலோய் வீல். 92,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. 61,000இல வாங்கினது, முன் பாட் (சில்லோட சுத்துற டிஸ்கை நெரிச்சு நிப்பாட்டிற உராய்வுக் கட்டை) அதுக்கு முன்னம் எப்ப மாத்தினது எண்டு தெரியாது. நாளாந்தம் சுன்னாகம் – காங்கேசன்துறை ஓட்டம்.

இரண்டு கிழமையா இடது முன் சில்லுப் பக்கம் மெல்லிய கீச்சுச் சத்தம். 20, 30 வேகத்தில மதிலோரமாப் போகேக்க வடிவாக் கேக்குது. பெடலில கால் வைச்சா நிண்டிடும், எடுத்தாத் திரும்பவும் வரும். ஒரு கராஜில சில்லுக்குள்ளால ரோச் அடிச்சுப் பாத்திட்டு "பாதி இருக்கு, தூசி தான்" எண்டு விட்டிட்டினம். இன்னொரு கராஜில பாட்டும் மாத்தி டிஸ்கும் லேத்தில விடோணும் (கடைசல் மெசினில மேற்பரப்பைச் செதுக்கோணும்) எண்டினம். எதை நம்பிறது?

மாத்திறதெண்டால் கடையில மூண்டு விதம் காட்டினம்: ஜப்பான் பெட்டி, "செரமிக்" எண்டு எழுதின பெட்டி, செமி மெற்றாலிக். விலையில நல்ல வித்தியாசம். ஏப்ரலில குடும்பத்தோட நுவரெலியா போற பிளானும் இருக்கு.

நட்டும்_போல்ற்றும்

தம்பி, முதல் கராஜ் பாத்தது வெளிப் பாட். உங்கட காரில கீச்சிடுறது அனேகமா உள் பாட். சில்லைக் கழட்டாமல் அதைப் பாக்க ஏலாது.

முன் கலிப்பரில (பாட்டுகளை டிஸ்கில அமத்துற கவ்வி) ஒரு பிஸ்ரன் தான். அது உள் பாட்டை நேரா டிஸ்கில தள்ளும். பிறகு கலிப்பர் தன்ர இரண்டு பின்னிலயும் (ஆணி மாதிரி வழுக்குக் கம்பி) வழுக்கி உள்ளுக்கு வந்து வெளிப் பாட்டை இழுக்கும். பின் இறுகினா இந்த இரண்டாவது வேலை ஒழுங்கா நடக்காது, உள் பாட் தனிய நிண்டு தேயும். வெளியில 5 மி.மீ, உள்ளுக்கு 1 மி.மீ எண்டு கிடக்கிறது கடற்கரைப் பக்கம் ஓடுற காருகளில சாதாரணம். அக்வாவில அது இன்னும் கூட, ஏனெண்டால் ஹைபிறிட்டில அரைவாசி பிறேக்கை மின்மோட்டர் பிடிக்குது (வேகத்தைக் குறைச்சு பற்றரிக்குச் சார்ஜ் ஏத்தும்). கலிப்பருக்கு வேலை குறைவு, அசையாமல் நிண்டு துருவேறும்.

சத்தத்தைப் பற்றி: பாட்டின்ர தகட்டில ஒரு சின்ன இரும்பு நாக்கு வளைச்சு விட்டிருக்கும். பாட் 2, 3 மி.மீக்குத் தேய அந்த நாக்கு டிஸ்கில உரசும். பெடல் மிதிக்காமல் ஓடேக்க கீச்சிட்டு, மிதிச்சா நிக்கிறது பெரும்பாலும் அந்த நாக்குத் தான். தூசிச் சத்தம் மறுவளம், மிதிக்கேக்க தான் வரும். நறநற எண்டு அரைக்கிற சத்தமாயிருந்தா நாக்கையும் தாண்டி இரும்பில இரும்பு. அந்தக் காரை வீட்டில விட்டிட்டு பஸ்ஸில போங்கோ.

மழை நாள் விடிய முதல் இரண்டு பிறேக்குக்கு மட்டும் "சர்ர்" எண்டு வந்து போறது டிஸ்கின்ர மேல் துரு. அதைக் கணக்கில எடுக்காதேங்கோ.

அளக்கிற விதம். சமதரையில நிப்பாட்டி, பின் சில்லுக்குக் கல் வைச்சு, வீல் நட்டை நிலத்தில இருக்கேக்கயே கொஞ்சம் இளக்கி, ஜக் போட்டு, ஸ்ராண்டும் வைக்கோணும். ஜக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளுக்கு விடாதேங்கோ. சில்லு கழண்ட பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினா கலிப்பரின்ர முதுகில உள்ள ஓட்டைக்குள்ளால இரண்டு பாட்டும் தெரியும். அளக்கிறது உராயிற பொருளை மட்டும். பின்னால இருக்கிற இரும்புத் தகடு தனிய 5, 6 மி.மீ வரும், அதையும் சேத்துத் தான் கனபேர் "பாதி இருக்கு" எண்டு சொல்லுறது. வேர்ணியர் இல்லாட்டி 3 மி.மீ அலன் கீயை பாட்டுக்குப் பக்கத்தில பிடியுங்கோ. கீயை விட மெல்லிசா இருந்தா மாத்தோணும்.

புதுசு 10 தொடக்கம் 12 மி.மீ. டொயோட்டா புத்தகத்தில கடைசி எல்லை 1 மி.மீ எண்டிருக்கும். அது அதுக்கு மேல ஓட்டவே கூடாது எண்ட எல்லை, அதுமட்டும் ஓடலாம் எண்ட அர்த்தம் இல்லை. 3இல மாத்திறது தான் சரி: பாட் மெலிய மெலிய சூடு பிஸ்ரனுக்கும் ஒயிலுக்கும் கெதியாப் போகும்.

நாலு பாட்டையும் தனித்தனியா அளவுங்கோ: இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. ஒவ்வொண்டையும் மேல் நுனி, கீழ் நுனி இரண்டிலயும். அந்த எட்டு எண்ணையும் இங்க போடுங்கோ. என்ன இறுகியிருக்கு எண்டு அதிலயே தெரியும்.

இன்னுமொண்டு. பிறேக் ஒயில் மட்டம் இறங்கியிருந்தா இப்ப ஊத்தி நிரப்பாதேங்கோ. பாட் தேய பிஸ்ரன் வெளிய வரும், அந்த இடத்துக்கு ஒயில் போகும், தாங்கியில மட்டம் இறங்கும். நிரப்பி வைச்சா புதுப் பாட் போட பிஸ்ரனைத் தள்ளேக்க அவ்வளவும் பொங்கி வழியும். பெயின்ரில பட்டா உரிக்கும்.

பஞ்சிகாவத்தைப்_பெட்டி

பாட் தேர்வு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் பெயரை விடுங்கள், செஸி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே அக்வாவில் கிரேட்டுக்கு ஏற்பப் பாகம் மாறலாம். "அக்வாவுக்குப் போகும்" என்று சொல்லி வாங்கி வந்தது பிறக்கெற்றுக்குள் (பாட் உட்காரும் இரும்புச் சட்டம்) இறுகினால், அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்துவார்கள். அதோடு தொடங்கும் அடுத்த தொல்லை. கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பவர்கள் பழைய பாட்டை டிஸ்கில் படும் பக்கம் ஒன்று, தகட்டுப் பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்து அனுப்பினால் பிழை குறையும்.

மூன்று விதத்தில்:

ஜப்பான் கார்களுக்கு ஆலையிலேயே வருவது பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ் இல்லாத ஓர்கானிக் வகை. சத்தம் குறைவு, டிஸ்கைத் தின்னாது, குளிரிலும் உடனே பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் கடும் சூடேறினால் மற்றவற்றை விட முன்னதாகப் பிடி தளரும். செரமிக் இதற்கு நெருங்கிய உறவு. தூசி வெளிர் நிறம், அலோயில் கறுப்பாகப் படியாது. செமி மெற்றாலிக்கில் இரும்புத்தூளும் நாரும் கலந்திருக்கும். சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்கைக் கூடத் தேய்க்கும், சத்தமும் கூட. அந்த இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதை யாழ்ப்பாணத்தார் மறக்கக்கூடாது. பாரம் ஏற்றும் வானுக்குச் சரி. குடாநாட்டில் ஓடும் அக்வாவுக்கு நான் சொல்லமாட்டேன். இங்கே மலையும் இல்லை, அந்தக் காரில் பாதி வேலையை மோட்டரும் செய்கிறது.

பெட்டியில் "செரமிக்" என்று அச்சடிக்க யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆகவே பாட்டையே திருப்பிப் பாருங்கள். தகட்டிலோ விளிம்பிலோ ஒரு குறியீட்டு வரிசை இருக்கும், அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்து. முதலாவது சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் இந்தக் காருக்குப் போதும். எஃப்ஈ என்றால் சூடேறப் பிடி விடும் ரகம், மலைக்குப் போகிறவர் தவிர்க்கவேண்டும். இந்த எழுத்துகள் பிடியை மட்டுமே சொல்லும், எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்லாது.

ஐரோப்பியச் சந்தைக்குச் செய்தவற்றில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருக்கும். அசல் பாட்டின் பிடியிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்ற விதியின் கீழ் சோதித்தது என்று பொருள். பெட்டியில் மட்டும் இருந்து தகட்டில் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அக்கெபோனோ, அட்விக்ஸ் இரண்டும் டொயோட்டாவுக்கே பாகம் கொடுக்கும் கம்பனிகள். நிசின்போவும் ஜப்பானில் நீண்டகாலப் பெயர். பெயருள்ள பெட்டிக்குத் தான் போலியும் வரும்: எழுத்து மங்கல், தகட்டில் அச்சே இல்லை, உராய்பொருளின் ஓரம் நகத்தால் சுரண்ட உதிர்கிறது, தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவே மயிரிழை போல் இடைவெளி. கடைசியாகச் சொன்னது கண்ணில் பட்டால் விலையே பேசவேண்டாம். பிறேக் பிடிக்கும்போது பொருள் கழன்று போகும்.

சின்ன எவர்சில்வர் கிளிப்புகளும் சிம் தகடும் (பாட்டின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு) சேர்ந்த பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கிளிப்பில் புதுப் பாட் போட்டால் இறுகும், அல்லது கிலுங்கும்.

இருபாலை_ஹைபிறிட்

மேல எழுதினது எல்லாம் சரி, ஆனா இது அக்வா எண்டதை மறந்திடாதேங்கோ. வேறை காரில செய்யிற மாதிரி நேரா கலிப்பரைக் கழட்டினா ஆபத்து.

அக்வாவின்ர பிறேக்கில மின்சாரப் பம்ப் இருக்கு. கார் நிப்பாட்டியிருந்தாலும் சாரதி கதவைத் திறந்தா, இல்லாட்டி பெடலைத் தொட்டா, அது எழும்பி அமுக்கம் ஏத்தும். கதவு திறக்கேக்க கேக்கிற "ஸ்ஸ்ஸ்" அதுதான். கலிப்பர் கழண்டு கிடக்கேக்க அது நடந்தா பிஸ்ரன் வெளிய பாயும், விரல் நடுவில இருந்தா நசியும். பிஸ்ரன் முழுசா வெளிய வந்தா ஒயில் கொட்டும், குழாய்க்குள்ள காத்துப் போகும், அந்தக் காத்தை வெளிய எடுக்க ஸ்கானர் (காரின்ர கம்பியூட்டரில பூட்டிற கருவி) வேணும்.

ஸ்கானர் இருக்கிற இடமெண்டா பிறேக்கை முடக்கிற மோட்டில போட்டுச் செய்வினம். இல்லாட்டி 12 வோல்ட் பற்றரியைக் கழட்டோணும். அது பின் சீற்றுக்கு அடியில. பின் கதவை முதலே திறந்து வைச்சு, பவரை நிப்பாட்டி, திறப்பைத் தூரக் கொண்டுபோய் வைச்சு, ஒரு கதவையும் பெடலையும் தொடாமல் சத்தமெல்லாம் அடங்குமட்டும் 5 நிமிசம் விட்டு, பிறகு நெகற்றிவ் முனையைக் கழட்டுங்கோ. கழட்டின முனையில துணி சுத்தி வையுங்கோ, சரிஞ்சு போய்த் தொடாது.

பாட் போட்டு முடிய, பற்றரி பூட்ட முன்னம், பெடலை மெதுவா, முழுக்க அமத்தாமல், இறுகுமட்டும் மிதிக்கோணும். முதல் சில மிதி இறுக்கமில்லாமல் போகும், பிஸ்ரன் பாட்டைத் தேடி வருகுது. இதைச் செய்யாமல் காரை எடுத்தா முதல் பிறேக்கில மதில் தான்.

வீல் நட் 103 நியூட்டன் மீற்றர். எயர் கன்னால (காத்தமுக்கத்தில நட்டு இறுக்கிற மெசின்) அடிச்சு விட்டிட்டு "சரி" எண்டு சொல்ல விடாதேங்கோ.

சுன்னாகம்_அக்வா

நன்றி அண்ணையவை. பற்றரி கழட்டி அளந்தாச்சு.

இடது உள்: மேல் 2.2, கீழ் 1.6. இடது வெளி: 5.0, 5.0. வலது உள்: 4.8, 4.8. வலது வெளி: 5.4, 5.3.

இடது கலிப்பரில மேல் பின் கையால அசையுது, கீழ் பின் அசையவே இல்லை. அதின்ர ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு. டிஸ்கில பெரிய வரி ஒண்டும் இல்லை, ஓரத்தில துரு விளிம்பு. வேர்ணியரில அளந்தா அடிச்சிருக்கிற குறைஞ்ச அளவை விட 2 மி.மீ கூட. பெடல் அதிராது. லேத்தில விடத்தான் வேணுமோ?

நட்டும்_போல்ற்றும்

எண்களே கதை சொல்லுது. வலது பக்கம் சரி. உள் பாட் அரை மி.மீ கூடத் தேயிறது இயல்பு. இடதில உள் பாட் தேஞ்சு, அதுவும் கீழ்ப்பக்கம் சரிஞ்சு தேஞ்சிருக்கு. கீழ் பின் இறுகினதின்ர அடையாளம். பின்னைப் பாக்காமல் பாட்டை மட்டும் மாத்தினா புதுசும் இதே மாதிரிப் போகும்.

டிஸ்கைத் திரும்ப அளவுங்கோ. நீங்கள் அளந்தது துரு விளிம்பை. வேர்ணியரின்ர தாடை அந்த விளிம்பில தான் உக்காரும். ஒரே மாதிரி இரண்டு நாணயக் குத்தி எடுத்து, பாட் உரசுற இடத்தில இரண்டு பக்கமும் வைச்சு, சேத்து அளந்து, குத்தி இரண்டின்ர தடிப்பைக் கழியுங்கோ. அடிச்சிருக்கிற எண் டிஸ்கின்ர நடுத் தொப்பியில இருக்கும், துருவைக் கம்பிப் பிறஸால தட்டினாத் தெரியும்.

சுன்னாகம்_அக்வா

குத்தி வைச்சு அளந்தா 0.8 மி.மீ தான் கூட. 2 இல்லை.

நட்டும்_போல்ற்றும்

அப்ப லேத் வேண்டாம். ஒரு பக்கம் 0.3 எடுத்தாலும் இரண்டு பக்கமும் 0.6 போயிடும். மிச்சம் 0.2ஐ வைச்சுக்கொண்டு புதுப் பாட் ஒரு செற் ஓட ஏலாது, பாதியிலயே எல்லைக்குக் கீழ போகும். அதிர்வு இல்லை, ஆழ வரி இல்லை எண்டா 120 உப்புத் தாளால பளபளப்பை மட்டும் எடுத்து, பிறேக் கிளீனரால துடைச்சு, அப்பிடியே பாவியுங்கோ. இல்லாட்டி இரண்டு டிஸ்கும் புதுசு. அடுத்த பாட் மாத்தேக்க எப்பிடியும் புது டிஸ்க் தான்.

பாட் நாலும் ஒரே செற்றாப் போடோணும், வலதில 5 மி.மீ இருக்கு எண்டு மிச்சம் பிடிக்கக்கூடாது. பிடி இரண்டு பக்கமும் வேற வேற எண்டா கார் இழுக்கும்.

இடது கலிப்பர் வேலை இதுதான். கீழ் பின்னை முறுக்கி முறுக்கி இழுங்கோ, சுத்தியலால அடியாதேங்கோ. பின்னைத் துருப் போகத் துடையுங்கோ. குழி விழுந்திருந்தா புதுப் பின். ஓட்டைக்குள்ள பழைய கிறீஸ் தார் மாதிரி இறுகியிருக்கும், துணி சுத்தின கம்பியால முழுக்க எடுக்கோணும். ரப்பர் உறை இரண்டும் புதுசு. இரண்டு பின்னும் ஒரே மாதிரித் தெரியும், ஆனா ஒண்டின்ர நுனியில ரப்பர் வளையம் இருக்கும். எது மேல, எது கீழ எண்டு கழட்ட முன்னமே படம் எடுங்கோ. மாறிப் போட்டா திரும்ப இறுகும்.

கிறீஸ் சிலிக்கன் அடிப்படையிலான பிறேக் கிறீஸ் தான். பெயறிங் கிறீஸ், என்ஜின் ஒயில், செப்புக் கிறீஸ் பின்னுக்குப் போடாதேங்கோ. பெற்றோலிய எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிப் பெருக்கும், பின் வழுக்கிறதுக்குப் பதிலா ஓட்டையில ஒட்டிக்கொள்ளும். கனபேரின்ர "போன வருசம் தான் சேர்விஸ் பண்ணினது" கலிப்பர் இறுகிறது இதாலதான். நிறையவும் அடையாதேங்கோ, காத்துப் போக இடமில்லாட்டி பின் தானாத் திரும்பி வெளிய வரும்.

பிறகு பிறக்கெற். எவர்சில்வர் கிளிப்பைக் கழட்டினா அடியில துரு பொருமியிருக்கும். அந்தத் துரு கிளிப்பை உயர்த்தி பாட்டின்ர காதை நெருக்கும். இரும்பு தெரியுமட்டும் அரத்தால எடுத்து, புதுக் கிளிப் போட்டு, பாட்டை வைச்சுப் பாருங்கோ: விரலால தள்ள வழுக்கிப் போகோணும். சுத்தியல் தேவைப்பட்டா ஏதோ பிழை. தூசியை எயரால ஊதாதேங்கோ, நனைச்சுத் துடையுங்கோ.

பிஸ்ரனைத் தள்ள சி கிளாம்பும் பழைய பாட்டும் காணும். தாங்கி மூடியைத் திறந்து, துணி சுத்தி, மட்டத்தைப் பாத்துப் பாத்து மெதுவாத் தள்ளுங்கோ. கலிப்பரை ஒயில் ஹோஸில தொங்க விடாதேங்கோ, கம்பியால ஸ்பிறிங்கில கட்டுங்கோ.

பருத்தித்துறைக்_காத்து

பிஸ்ரன் தள்ளேக்க பிளீடர் நிப்பிளை (கலிப்பரில ஒயிலையும் காத்தையும் வெளிய விடுற திருகு) இளக்கி, அழுக்கு ஒயிலை வெளிய விடுறது நல்லதல்லோ? ஏபிஎஸ்ஸுக்குள்ள (சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கிற அமைப்பு) போகாது.

இருபாலை_ஹைபிறிட்

வேறை காருக்குச் சரி. அக்வாவில வேண்டாம் அண்ணை. நிப்பிளால துளி காத்து உள்ளுக்குப் போனா, திரும்ப ஸ்கானருக்குத் தான் போகோணும். ஒயில் கறுத்திருந்தா பாட் வேலை முடிஞ்ச பிறகு, ஸ்கானர் உள்ள இடத்தில தனியா மாத்துங்கோ. தாங்கி மூடியில அடிச்ச டொட் வகை தான். டொட் 5 எண்டது சிலிக்கன், மற்றதுகளோட கலக்காது. நுவரெலியா போறதால இரண்டு வருசம் கடந்த ஒயிலை மாத்திறது நல்லம். தண்ணி இழுத்த டொட் 3 140 பாகையிலயே கொதிக்கலாம், புதுசெண்டா 205 மட்டும் தாங்கும். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரிப் போகும்.

பாட் படிய வைக்கிற விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. சாதாரண காரில 50இலிருந்து 15க்கு ஒரு பத்துத் தரம், முழுசா நிக்காமல், நடுவில ஆற விட்டுப் பிடிச்சாப் படியும். அக்வாவில அப்பிடிப் பிடிச்சா மோட்டர் தான் பிடிக்கும், பாட் டிஸ்கை ஒழுங்காத் தொடாது. அதால கியரை "என்" (நியூட்ரல்) நிலையில போட்டுப் பிடிக்கோணும். "என்" நிலையில மோட்டர் பிடிக்காது, முழுப் பாரமும் பாட்டில. வல்லை வெளி மாதிரி நேர் றோட்டு, ஞாயிறு விடிய, முன்னால பின்னால ஒரு வாகனமும் இல்லாத நேரம் பாத்துச் செய்யுங்கோ. ஒவ்வொரு தரமும் திரும்ப "டி" (ஓடுற கியர்) நிலையில போட்டு வேகமெடுங்கோ. முடிய சூட்டோட பெடலை அமத்திக்கொண்டு நிக்காதேங்கோ, பாட்டின்ர அடையாளம் டிஸ்கில பதியும், பிறகு பெடல் அதிரும்.

இதையே மாசம் ஒருக்கா நாலைஞ்சு தரம் செய்தா டிஸ்கில துரு ஏறாது. காங்கேசன்துறை ஓட்டத்துக்கு அது கட்டாயம்.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கத்தால இறங்கேக்க பற்றரி நிரம்பினவுடன மோட்டர் பிடிக்கிறதை விட்டிடும், முழு வேலையும் பாட்டுக்கு வரும். கால் அமத்தி அமத்தி இறங்காமல் கியரை "பி" (என்ஜினால வேகம் குறைக்கிற நிலை) இல போடுங்கோ, என்ஜின் சத்தம் கூடும், அது சரி. பாட் மாத்தி 300 கிலோமீற்றராவது ஊருக்குள்ள ஓடின பிறகு தான் மலைக்கு வெளிக்கிடுங்கோ.

சுன்னாகம்_அக்வா

சரி. செஸி நம்பர் குடுத்து அட்விக்ஸ் எஃப்எஃப், கிளிப்போட சேத்துச் சொல்லியிருக்கு. பின் உறையும் இரண்டு பக்கத்துக்கும். பின் டிரம்மும் திறந்து பாக்கோணுமோ?

நட்டும்_போல்ற்றும்

ஒருக்காத் திறவுங்கோ. ஷூ லைனிங் (டிரம்மின்ர உள்பக்கத்தில உரசுற பொருள்) எல்லை 1 மி.மீ, 2க்குக் கீழ எண்டா மாத்துங்கோ. தேய்மானத்தை விட வீல் சிலிண்டரின்ர (ஷூவைத் தள்ளுற ஒயில் குழல்) ரப்பரை விரலால கொஞ்சம் விலத்திப் பாக்கிறது முக்கியம். ஈரமா இருந்தா ஒயில் கசியுது. லைனிங்கில பட்ட ஒயில் எதால கழுவினாலும் போகாது, அந்த ஷூவை எறியத்தான் வேணும். டிரம் கழண்டு வராட்டி ஹாண்ட் பிறேக் விட்டிருக்கோ எண்டு பாத்திட்டு, டிரம்மில இருக்கிற இரண்டு மரை ஓட்டையில 8 மி.மீ போல்ற் இரண்டை மாறி மாறி இறுக்குங்கோ, தானா வெளிய வரும். பற்றரி கழட்டியே இருக்கட்டும்.